ஒரு மார்க்கில் தவறிய நெஞ்சு

பொறாமை கெட்ட குணம் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் படுகிறேன். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உங்கள் சகலையின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து நிறுத்தி, அதன் கீழே ‘இதய அபாயத் தேர்வில் பதினேழு மதிப்பெண் பெற்று மாவட்ட அளவில் மூன்றாம் இடம் பிடித்த எங்கள் பாலசுந்தரம் அவர்களை வாழ்த்தி மகிழும் உற்றார் உறவினர்’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். எரியாது என்றால் நீங்கள் மகான். இந்தக் கதை உங்களுக்கு வேண்டாம்.

பாலசுந்தரம் என் மனைவி தமிழ்ச்செல்வியின் அக்கா வீட்டுக்காரர். எட்டுத் தறி ஓட்டுகிறார். சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் உண்டு, அப்பாவும் சித்தப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தவர்கள். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த ஃப்ளெக்ஸில் வாழ்த்துகிறவர்கள் வரிசையில் என் படமும் இருந்தது, தபால்தலை அளவில். போடலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மார்க் என்றால் உயிர். பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுவதற்கு முன்னால் எந்த ஸ்கூல் என்று பேசுகிற ஜில்லா இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதய நலப் பிரிவு திறந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு இருக்கிற மார்க்கையும் பிடுங்கிவிடுவார்கள். அதற்குத் தலைவராக வந்தவர் டாக்டர் இளஞ்செழியன். அவருடைய தகப்பனார் விடுதியோடு பள்ளிக்கூடம் நடத்தியவர். மீதியெல்லாம் தன்னால் நடந்தது.

இளஞ்செழியன் வந்ததும் ‘முதலில் வந்தவருக்கு முதலில் வைத்தியம்’ என்பதை ஒழித்துவிட்டுத் தேர்வு கொண்டுவந்தார். வயதுக்கு இவ்வளவு, பிரஷருக்கு இவ்வளவு, சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, புகைக்கு, குடும்பத்தில் யாருக்காவது வந்திருந்தால் அதற்கு இவ்வளவு என்று மொத்தம் இருபத்தைந்து மார்க். பத்து கட்-ஆஃப். பத்தும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை, டாக்டர், மாத்திரை எல்லாம் உண்டு. கீழே வாங்கியவர்களுக்கு ‘வாழ்த்துகள், உங்கள் இதயம் நலமாக உள்ளது’ என்று அச்சடித்த ரோஸ் காகிதம். திங்கட்கிழமை தோறும் நோட்டீஸ் போர்டில் தரவரிசைப் பட்டியல் ஒட்டுவார்கள். முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் பேரும் இடமும் எழுதிய சக்கர நாற்காலியும் ஒரு பாஸும் கிடைக்கும். நெஞ்சு வலித்தால் டோக்கன் இல்லாமல் நேராக அவசர சிகிச்சைக்குள் போகலாம்.

முதல் வாரமே போர்டு முன்னால் அழுகை. எருமப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “என்ற ஊட்டுக்காரரு நல்லாத்தானுங்க பண்ணியிருந்தாரு. கொழுப்புலதான் கோட்டை உட்டுட்டாரு.”

இனி என் கதை. நான் சந்திரசேகர், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் லாரி டிரைவர். பதினாலு வருஷத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசத்தில் போர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு எச்ஐவி வந்தது. எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? தமிழ்ச்செல்விக்குத் தெரியும், அவளுக்கு இல்லை. வேறு ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. தினம் ஒரு மாத்திரை. அதை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரை கொடுக்கிற மையம் அதே ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஓடாத ஆம்புலன்ஸ்கள் நிற்கிற கொட்டகையைத் தாண்டி. ஒழுங்காகச் சாப்பிட்டதில் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் போய் எட்டு வருஷம் ஆகிறது.

இப்போது என் பொறாமை உங்களுக்குப் புரியும். சகலை தன் நோயை மைக் வைத்துச் சொல்லலாம். வருகிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வருவார்கள், கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்வார்கள், ‘இப்ப எப்படிங்க இருக்குது’ என்று கையைப் பிடிப்பார்கள். எனக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். ஒரு ஆரஞ்சுப் பழம் வந்திருந்தால் போதும். பதினாலு வருஷத்தில் ஒருத்தரும் கொண்டுவந்து தரவில்லை. யாருக்கும் தெரியாமல் மறைத்தவன் நான்தான், அது வேறு விஷயம். பொறாமைக்கு நியாயம் தெரியுமா என்ன?

இந்த வைகாசியில் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறும்போது, சத்தியம் செய்வதற்குப் பேர்போன அறுபதாம் படியில், என் நெஞ்சின் மேல் யாரோ போர்க்குழிக்குள் விடுகிற கேசிங் பைப்பை இறக்கியது போல் இருந்தது. உட்கார்ந்தேன், வேர்த்தது, போய்விட்டது. அடுத்த வாரம் லாரியில் ஏறும்போது மறுபடி வந்தது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் மைதிலியிடம் சொன்னேன். அந்த மையத்தில் இருக்கிற ஒரே டாக்டர் அவர்தான். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

“வைரஸ் அடங்கிட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்லை, சந்திரசேகர். அணைஞ்ச அடுப்புலயும் கனல் கிடக்கும் பாருங்க, அந்த மாதிரி உடம்புக்குள்ள ஒரு அழற்சி இருந்துகிட்டே இருக்கும். ரத்தக்குழாய் மத்தவங்களைவிடச் சீக்கிரம் கெடும். மாரடைப்புக்கு வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு பங்கு.”

“ஏனுங்க மேடம், இருக்கறது பத்தாதுன்னு இது வேறயாங்க?”

“தடுக்கலாம். கொழுப்பைக் குறைக்கற மாத்திரை ஒண்ணு இருக்கு. சாதாரணமா அபாயம் கம்மின்னு விட்டுடற ஆளுங்களுக்கும், உங்க நிலைமையில இருந்தா அது உதவுது. அந்த மாத்திரையும் டெஸ்ட்டும் முன்பக்கம்தான் இருக்கு. லெட்டர் தரேன், இன்னைக்கே போங்க.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், கொட்டகையைத் தாண்டி முன்பக்கம் நடக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம். இதய நோய்! சகலைக்கு இருக்கிற அதே நோய். ஊரறியச் சொல்லக்கூடிய நோய்.

தேர்வுக் கவுண்டரில் சௌமியா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண். நான் நீட்டிய கடிதத்தைத் தொடவே இல்லை.

“லெட்டரைக் கையில கொண்டாரக் கூடாதுங்கண்ணா. வினாத்தாள் கசிஞ்ச மாதிரி ஆயிருமுங்க. தபால் பிரிவுல குடுங்க, அவங்க எங்களுக்கு அனுப்புவாங்க.”

அந்தத் தபால் பிரிவு எனக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது. கொடுத்தேன். அங்கிருந்தவர் வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டு, “ரெண்டு மாசம்” என்றார்.

சௌமியா ரத்தம் எடுத்து, கையில் பிரஷர் பட்டை சுற்றிப் பார்த்து, சாயங்காலம் கூட்டல் போட்டாள். வயதுக்கு நாலு. பிரஷருக்கு ரெண்டு. கொழுப்புக்கு மூணு. சர்க்கரை முட்டை, புகை முட்டை, குடும்பம் முட்டை. மொத்தம் ஒன்பது.

“ஐயோ, ஒரு மார்க்குல போயிருச்சேங்கண்ணா!” என்று அவளே தலையில் கை வைத்தாள். “பீடி சிகரெட் ஏதாச்சும் இருந்திருந்தா ரெண்டு மார்க்கு சுளையா வந்திருக்குமுங்க.”

“பன்னெண்டு வருசத்துக்கு முன்னால உட்டுட்டேனம்மா. அங்க பின்னாலதான் உடச் சொன்னாங்க.”

“அப்ப அவங்ககிட்டத்தானுங்க போய்க் கேக்கோணும்.”

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, எனக்கு என்ன இருக்கிறது என்பதைச் சொன்னேன். அதற்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. அதற்காக அவளுக்குக் கோடி புண்ணியம். கனமான ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள்.

“நீங்க சொல்றது எங்க சிலபஸ்லயே இல்லைங்கண்ணா.”

ரோஸ் காகிதத்தோடு இளஞ்செழியனைப் போய்ப் பார்த்து, எனக்கு இருப்பதை அவரிடமும் சொன்னேன். அவர் அறையில் சுவர் முழுக்க முதல் மூன்று இடம் பிடித்தவர்களின் புகைப்படம். அதில் சிலருக்கு மாலை போட்டிருந்தது. என் சகலை நடுநாயகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு மார்க்தானே என்கிறீர்கள்,” என்றார். “இன்று ஒன்பதுக்குத் தளர்த்தினால் நாளை எட்டு வந்து நிற்கும். நாளன்றைக்கு உடம்பில் ஒன்றுமே இல்லாதவன் வந்து எனக்கும் வைத்தியம் செய் என்பான். தரம் என்ன ஆவது? போன வருடம் எங்கள் கட்-ஆஃபுக்குக் கீழே ஒருவருக்குக் கூட மாரடைப்பு வரவில்லை. ஏனென்றால் வந்தவர்களை நாங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை.”

“நெசமாலுமே வலிக்குதுங்க சார். அறுபதாம் படியில சத்தியம் பண்ணட்டுங்களா?”

“சத்தியத்துக்கு மதிப்பெண் கிடையாது.” பிறகு குரல் மாறியது. “உங்கள் ஆட்களுக்கு எதிலும் திருப்தி வராதா? உங்களுக்குத் தனிக் கட்டடம், தனி டாக்டர், தனி மாத்திரை. உங்கள் மையத்தில் மூன்று ஃப்ரிட்ஜ். மூன்று! எனக்கு ஒன்றுதான், அதிலும் கதவு சாத்துவதில்லை. இதயம் ஒன்றாவது எங்களுக்கு இருக்கட்டுமே. அதையும் கேட்டால் எப்படி?”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த உலகத்தில் எங்கள் ஓட்டைக் கட்டடத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரு ஆளும் இருக்கிறார். ஆனால் அவர் பொறாமைப்பட்டது ஃப்ரிட்ஜைப் பார்த்து, என்னைப் பார்த்து அல்ல. கடைசியில் மனம் இரங்கி, ஒரு மாதம் கழித்து இம்ப்ரூவ்மென்ட் தேர்வு இருக்கிறது, எழுதுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னாயி டீக்கடை. அங்கே இதற்கு ஒரு கோச்சிங்கே நடந்தது. தேர்வுக்கு முன்னால் ரெண்டு ஸ்ட்ராங் டீ, கருவாட்டுக் குழம்போடு சோறு, எலுமிச்சை ஊறுகாய் தனியாக. “தின்னுபோட்டு பொண்டாட்டிகிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டுட்டு உள்ள போ சாமி, பிரஷரு தானா வரும்” என்றாள் சின்னாயி. “பீடிக்கு ரெண்டு மார்க்கு இருக்குதே, அதை ஏன் உடறே? போன மாசம் ராசிபுரத்துக்காரரு ஒருத்தரு என்ற கடையிலதான் பழகினாரு, பதினொண்ணு எடுத்துட்டாரு.”

ஒரு கட்டு வாங்கினேன். நெஞ்சைக் காப்பாற்றுகிற மாத்திரை கிடைப்பதற்காக நெஞ்சைக் கெடுக்கிற பீடியைப் பற்ற வைப்பது முட்டாள்தனம் என்று தெரியாதவன் அல்ல நான். ஆனால் உள்ளே போனவன் உயிரோடு வருகிறான், வெளியே நிற்கிறவன் ரோஸ் காகிதத்தோடு நிற்கிறான். ஒரு இழுப்பு இழுத்ததும் இருமல் வந்து கண் இருட்டியது. கூட வந்திருந்த தமிழ்ச்செல்வி பீடியைப் பிடுங்கி டீக்கடை அடுப்பில் எறிந்தாள்.

“பன்னெண்டு வருசம் கட்டிக் காப்பாத்தின உடம்புங்க இது. உங்க மார்க்கைக் கொண்டுபோயிக் கெணத்துல போடுங்க.”

அப்புறம் தெரிந்தது, ஒரு இழுப்பெல்லாம் செல்லாதாம். புகை பிடிப்பவர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி வர வேண்டுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே ரோஸ் காகிதம்தான் கொடுத்தது. இம்ப்ரூவ்மென்ட்டிலும் ஒன்பதுதான் வந்தது.

சேதி எப்படியோ சகலைக்குப் போய்விட்டது. நான் தேர்வு எழுதினேன் என்ற வரைக்கும்தான் போனது, ஏன் என்பது போகவில்லை. சாயங்காலம் சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்துதான் வந்தார், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் முதுகில் ‘மூன்றாம் இடம்’ என்று பெயிண்ட் அடித்திருந்தது.

“ஒம்பதாமா? பரவால்ல உடு சகலை. உன்ற வயசுல நானும் ஆறேழுதான் எடுத்திருப்பேன். முயற்சி பண்ணு.” மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் இருந்த வெள்ளை மாத்திரை, மைதிலி டாக்டர் சொன்ன அதே மாத்திரை. “இது பெரிய மாத்திரை. எல்லாருக்கும் தர மாட்டாங்க.”

அதை அப்படியே பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. என் வயிற்றெரிச்சலில் அன்றைக்கு ஒரு வீட்டுக்குச் சமைத்திருக்கலாம். மரியாதையாகச் சிரித்தேன்.

அடுத்த மாதம் இதய நலப் பிரிவின் ஆண்டு விழா வந்தது. ஆஸ்பத்திரி வளாகத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். முதல் மூன்று இடக்காரர்கள் மேடையில் அவரவர் நாற்காலியில் பொன்னாடையோடு இருந்தார்கள். நாங்கள் மூன்றாம் இடத்தின் குடும்பம் என்பதால் முன்வரிசை. சொந்தக்காரர்கள் முப்பது பேர் வேன் வைத்து வந்திருந்தார்கள். இளஞ்செழியன் பேசினார்.

“எங்களுடைய கணக்கு தப்பாது. யாருக்கு மாரடைப்பு வரும், யாருக்கு வராது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். இதயம் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.”

கைதட்டல் நடுவில் சகலைக்குக் கொடுத்த கேடயத்தை வாங்கி வைக்க என்னை மேலே கூப்பிட்டார்கள். மேடைக்கு ஆறே படி. நாலாவது படியில் கேசிங் பைப் மறுபடி இறங்கியது, இந்தத் தடவை ரிக்கோடு சேர்ந்து. கேடயத்தைத் தொடாமலே விழுந்தேன். இடது கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இளஞ்செழியன் மைக்கை விடவில்லை. “யாரும் பதற வேண்டாம். சௌமியா, இவர் எத்தனை?”

“ஒம்பதுங்க சார்.”

“பார்த்தீர்களா? ஒன்பதுக்கு வராது. வாயுவாக இருக்கும். சோடா கொடுங்கள்.”

சோடா வந்தது. அதற்கு முன்னால் தமிழ்ச்செல்வி மேடைக்கு வந்துவிட்டாள். என் மனைவி ரேஷன் கடையில் கூடச் சத்தம் போட்டுப் பேசாதவள். மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஒம்பது இல்லீங்க! இவருக்கு எச்ஐவி இருக்குதுங்க. பதினாலு வருசமா இருக்குதுங்க. இதுக்கு நெஞ்சு சீக்கிரம் போகும்னு பின்னால இருக்கற டாக்டரம்மா எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு எத்தனை மார்க்குன்னு இப்பப் போடுங்க. என்ற கண்ணு முன்னால போடுங்க!”

ஸ்பீக்கர் நாலு பக்கமும் சொன்னது. முன்வரிசையில் ரெண்டு நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. சகலையின் மனைவி, என் மைத்துனி, வாயைப் பொத்திக்கொண்டாள். பதினாலு வருஷம் வைட்டமின் டப்பாவில் வைத்திருந்தது முப்பது சொந்தக்காரர் முன்னால் கொட்டிக் கிடந்தது. சாவதைவிட அது கேவலமாக இருந்தது எனக்கு.

“அது எங்கள் பாடத்திட்டத்தில்…” என்று ஆரம்பித்தார் இளஞ்செழியன்.

பாலசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்தார். பொன்னாடை கீழே விழுந்தது.

“என்ற நாற்காலியில இவனை வெச்சுக் கொண்டுபோங்க.”

“மன்னிக்கவும். பாஸ் மற்றவருக்கு மாற்றத்தக்கது அல்ல.”

“அப்படீங்களா?” சகலை மறுபடியும் உட்கார்ந்தார். “அப்ப நானே உக்காந்துக்கறேன். எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க. இவனைத் தூக்கி என்ற மடியில வெய்யுங்க.”

யாரும் அசையவில்லை. தமிழ்ச்செல்வி காலைப் பிடித்தாள், சௌமியா வேலையைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அப்படித்தான் போனோம். எட்டுத் தறி முதலாளியின் தொப்பை மேல் என் தலை, பெண்கள் ரெண்டு பேரும் பின்னாலிருந்து தள்ள, சக்கர நாற்காலிகளுக்காகப் போட்டிருந்த மேடைச் சரிவில் இறங்கி வளாகத்தைக் கடந்து போனோம். அவசர சிகிச்சை வாசலில் காவலாளி ‘மூன்றாம் இடம்’ என்பதைப் படித்துவிட்டுச் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். மடியில் யார் என்று அவர் கேட்கவில்லை, விதியில் அந்தக் கேள்வி இல்லை. வழி முழுக்க சகலை என் காதருகில் திட்டிக்கொண்டே வந்தார்.

“பதினாலு வருசமாடா? என்ற கிட்டக் கூடச் சொல்லோணும்னு தோணுலயா உனக்கு? அன்னைக்கு அந்த மாத்திரையக் கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா? அறிவு கெட்டவனே…”

அடைப்பை எடுத்துக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தேன். மூன்றாம் நாள் இளஞ்செழியன் பூங்கொத்தோடு வந்தார்.

“வாழ்த்துகள். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கூடுதலாகப் பதினைந்து போனஸ் மதிப்பெண். உங்கள் ஒன்பதோடு சேர்த்து இருபத்து நான்கு. மாவட்டத்தில் முதலிடம்!”

மைதிலி டாக்டரின் கடிதமும் அன்று காலையில்தான் தபால் பிரிவிலிருந்து வந்து சேர்ந்ததாம். அதன் மேல் சிவப்பு மையில் ‘மதிப்பெண் இல்லை’ என்று எழுதியிருந்தது.

“சார், பின்னால என்னைய மாதிரி இன்னும் நானூறு பேரு இருக்கறாங்க. எட்டு, ஒம்பதுதான் எடுப்பாங்க. அவங்களுக்கு?”

“ஏன் கவலைப்படுகிறீர்கள்? அவர்களும் உங்களைப் போலவே முயன்று மேலே வரட்டும்” என்றார்.

வேனில் வந்த முப்பது பேரில் என்னைப் பார்க்க வந்தவர்கள் நாலு பேர். அதில் ரெண்டு பேர் வாசலோடு நின்றுவிட்டார்கள். மைத்துனி ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது.

சாயங்காலம் சகலை வந்தார், நடந்து. கேட்காமலே கட்டிலில் என் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து, எனக்குத் தராமல் பாதியை அவரே தின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்னாச்சுங்க சகலை?”

“பட்டியல் ஒட்டிட்டாங்க. நீ உள்ள வந்ததுல நான் நாலாவது ஆயிட்டேன். நாற்காலியப் புடுங்கிட்டாங்க. ஃப்ளெக்ஸை வேற கழட்டோணுமாம்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உனக்கென்னப்பா, எடுத்த எடுப்புல ஃபர்ஸ்ட் ரேங்க்கு.”

அது கேலி இல்லை. அவர் கண்ணில் நிஜமாகவே வயிற்றெரிச்சல் இருந்தது. அதை அடையாளம் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. என்னைப் பார்த்து இனி பயப்படுவார்கள், பரிதாபப்படுவார்கள், நாற்காலியை நகர்த்துவார்கள் என்று தெரியும். ஆனால் என் நோய் தெரிந்த பிறகும், என் கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்பட்டான்.

சகலை கையில் மீதிச் சுளைகள் இருந்தன. எச்சில் கையோடு நீட்டினார். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.